துண்டுக்கு அடியில் நல்லாட்சி

காலை வணக்கம் சொல்லி ரோஜாப்பூ படம் போடுகிறவர்களைத் திருத்துவதுதான் ரொம்பச் சிரமம், இன்ஸ்பெக்டர் ஐயா. கெட்ட வார்த்தை எழுதுகிறவனைக்கூடத் திருத்திவிடலாம். பூப் போடுகிறவர்களுக்குத் தாங்கள் செய்வது தப்பு என்றே தெரியாது. எங்கள் குழுவில் பாதிப் பேர் அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களையெல்லாம் சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர் என்று பேசவைத்தேன். அதை நீங்கள் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

என் பெயர் குருமூர்த்தி. பரமத்தி வேலூரில் வாழைக்காய் கமிஷன் மண்டி வைத்திருக்கிறேன். 'வேலூர் நல்லாட்சி மன்றம்' என்ற வாட்ஸ்அப் குழுவை ஆரம்பித்தவனும் அதன் அட்மினும் நான்தான். கட்சி பேசக் கூடாது, சாதி பேசக் கூடாது, யாரையும் தரக்குறைவாக எழுதக் கூடாது, உறுதியாகத் தெரியாத தகவலைப் பகிரக் கூடாது. குறை சொன்னால் கூடவே ஒரு வழியும் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் விதி. பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குக் கதவு வந்தது எங்களால்தான். கதவு உள்பக்கம் திறக்க வேண்டுமா வெளிப்பக்கமா என்று வாரக்கணக்கில் பேசினோம். ஒருவருக்கொருவர் 'தங்கள் கருத்தை மதிக்கிறேன், ஆனாலும்' என்றுதான் ஆரம்பித்தோம். கோபித்துக்கொண்டு வெளியேறியவர் ஒருவரும் இல்லை. டிவியில் வருகிற விவாதத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உங்களுக்கே புரியும்.

என் அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் சேரும், மேலே ஒரு துண்டு விழும். அதற்கப்புறம் பேசுவதெல்லாம் விரல்கள்தான். இவன் இரண்டு விரலைப் பிடிப்பான், அவன் ஒன்றைத் தள்ளுவான், இவன் உள்ளங்கையைச் சுரண்டுவான். முகத்தைப் பார்த்தால் மழை வருமா என்று யோசிக்கிற மாதிரி இருக்கும். பேரம் முறிந்தாலும் யாருக்கும் அவமானம் கிடையாது. எவ்வளவுக்குக் கேட்டான், எவ்வளவுக்கு மறுத்தான் என்பது ஊருக்குத் தெரியாது. சுற்றி ஒரு கூட்டமே நின்றாலும் துண்டு விழுந்த கையை ஒருத்தன் உற்றுப் பார்க்க மாட்டான். பார்ப்பது சந்தை மரியாதை இல்லை.

நானோ வாழை மண்டிக்கு வந்து மாட்டிக்கொண்டேன். இங்கே ஏலம். தொண்டை கிழியக் கத்த வேண்டும். ஒரு தாருக்காக இரண்டு பேர் ஒருத்தர் பரம்பரையை இன்னொருத்தர் இழுப்பார்கள். கத்திக் கத்தியே எனக்குச் சத்தத்தின் மேல் ஒரு வெறுப்பு வந்துவிட்டது. குழுவில் அந்தச் சத்தம் எழுத்தாக வந்தபோது, அப்பாவின் துண்டு ஞாபகம் வந்ததில் என்ன ஆச்சரியம் இருக்கிறது சொல்லுங்கள்.

முதல் ஆள் பிரபாகர். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற பையன். தையல் கடை கமலவேணி தன் தெருச் சாக்கடையைப் பற்றி ஒரு யோசனை எழுதியிருந்தார். தெருக்காரர்களே முறைபோட்டு மூடி செய்துகொள்ளலாம் என்று. நல்ல யோசனை. அதற்குக் கீழே இந்தப் பையன் ஒரு வார்த்தை போட்டான். அதை நான் இங்கே சொல்ல மாட்டேன். உடனே அழித்துவிட்டேன். ஆனால் கமலவேணி அதற்கு முன்பே படித்துவிட்டார். அப்புறம் சில நாள் குழுப் பக்கமே வரவில்லை.

நான் பிரபாகரை பேக்கரிக்கு டீ சாப்பிடக் கூப்பிட்டேன். வந்தான்.

"ஏனுங்கண்ணா, சும்மா வெளையாட்டுக்குப் போட்டதுங்க. இதுக்கெல்லாம் டீ வாங்கிக் குடுத்துப் பஞ்சாயத்து வெப்பாங்களா?"

"பஞ்சாயத்தெல்லாம் இல்ல சாமி. கையக் குடு."

குடுத்தான். நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து மேலே போட்டதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னய எந்தச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போறீங்க? பல்லு புடிச்சுப் பாக்கலீங்களா?" என்றான்.

பொது இடத்தில் ஒரு பெண் எழுதினால் அதை எப்படிப் படிக்க வேண்டும், எப்படிப் பதில் எழுத வேண்டும் என்று அவனுக்கு நிதானமாகச் சொன்னேன். சொல்லிக்கொண்டே அவன் ஆள்காட்டி விரலைப் பின்னால் வளைத்தேன். தார் சுமந்த கை ஐயா இது. அவன் எழுந்திருக்கப் பார்த்தான். முட்டியால் முட்டியை அழுத்திக்கொண்டேன். வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. பேக்கரிக்காரர் தேங்காய் பன் கொண்டுவந்து வைத்தார். துண்டைப் பார்த்ததும், ஏதோ வியாபாரம் நடக்கிறது என்று மரியாதையாக அந்தப் பக்கம் போய்விட்டார். விரல் முறிகிற சத்தம், காய்ந்த வாழைக்காம்பு ஒடிகிற சத்தத்தைவிடச் சின்னது. நான் அவனுக்குப் பன்னைப் பிய்த்துக் கொடுத்தேன்.

மறுநாள் குழுவில் மன்னிப்பு வந்தது. இடது கையால் அடித்ததால் நிறைய எழுத்துப் பிழை. கருத்து தெளிவாக இருந்தது. கமலவேணி திரும்பி வந்து கைகூப்பும் படம் போட்டார். அதற்கப்புறம் பிரபாகர் எழுதியதையெல்லாம் எடுத்துப் பாருங்கள். 'தாழ்மையுடன்' இல்லாத வரி ஒன்று இருக்காது.

அவன் ஏன் உங்களிடம் வரவில்லை என்கிறீர்கள். வந்தால் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். கமலவேணிக்கு அண்ணன் தம்பிமார் இருக்கிறார்கள். அவனே கணக்குப் போட்டுப் பார்த்து, ஒரு விரலோடு போனது லாபம் என்று இருந்துவிட்டான். வியாபாரம் தெரிந்த பையன்.

அடுத்தது அங்கமுத்து. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர். அவர் கெட்ட வார்த்தை ஒன்றும் எழுதவில்லை. யார் என்ன யோசனை சொன்னாலும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போடுவார். 'மாற்று வழி இருந்தால் சொல்லலாமே' என்று பணிவாகக் கேட்டேன். அதற்கும் அதே பொம்மை. ஒரு யோசனையைக் கொல்ல அதைவிட நல்ல ஆயுதம் கிடையாது ஐயா. கெட்ட வார்த்தைக்காவது பதில் சொல்லலாம். அவருக்குக் கட்டை விரல். வெற்றிலை கிள்ள அந்த விரல்தான் வேண்டும் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அவர் வீட்டுக்கு இரண்டு தார் பூவன் அனுப்பிவைத்தேன். வாங்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு இன்னும் சிலர். எல்லாம் ஒரே அளவில் கொடுக்கவில்லை. நான் கோபக்காரன் இல்லை, தரம் பார்த்து விலை போடுகிறவன். ஒருவர் தீர்மானம் ஒன்றுக்குக் கீழே வெறும் கேள்விக்குறி மட்டும் போட்டார். அவருக்குச் சுண்டு விரல்தான். கேள்விக்குறிக்கு அதற்கு மேல் கேட்டால் அநியாயம்.

பலன் கண்ணுக்குத் தெரிந்தது. விவாதம் சுருக்கமாயிற்று. ஒருவர் சொன்னால் மற்றவர்கள் 'வழிமொழிகிறேன்' என்றார்கள். இவ்வளவு சீக்கிரம் ஒத்த கருத்து வருகிற குழு நாமக்கல் மாவட்டத்தில் வேறு எங்கே இருக்கிறது?

இனி வின்சென்டுக்கு வருகிறேன். நீங்கள் காத்துக்கொண்டிருப்பது அதற்குத்தானே.

வின்சென்ட் சேலத்துக்காரர். கல்யாணமாகி இங்கே வந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்தார். மனைவி அக்சிலியாவும் படம் எடுப்பார். நல்ல மனிதர்கள். கோயில் திருவிழாவுக்கும் அவர்தான் போட்டோ, அவர்கள் மாதா தேருக்கும் அவர்தான்.

ஊர்க் குப்பையை எங்கே கொட்டுவது என்று அதிகாரிகள் மக்கள் கருத்தைக் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர்க்கும் நாளில் மன்றத்தின் சார்பில் மனு கொடுப்பதாக இருந்தோம். ஆபீசில் எனக்குத் தெரிந்த ஒருத்தர், "ஆளுக்கொரு பக்கம் இழுத்தா எதுவும் ஆகாதுங்க, ஒரே குரலாக் கொண்டாங்க, நடக்கும்" என்று சொல்லியிருந்தார். குழுவில் எல்லோரும் ராஜா வாய்க்கால் ஓரம் இருக்கிற புறம்போக்கை வழிமொழிந்துவிட்டார்கள். அந்த யோசனையை முதலில் சொன்னவன் நான். வின்சென்ட் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

அவர் எழுதியதை எனக்கு மனப்பாடமாகச் சொல்ல முடியும். "குருமூர்த்தி அண்ணன் உருமி வாசிச்சா தலையாட்டற பூம்பூம் மாடுங்களா, அந்த வாய்க்காத் தண்ணியில நாளைக்கு உங்க புள்ளைங்கதானே குளிக்கப் போவுது, உங்க வெத்தலையும் வாழையும்தானே குடிக்கப் போவுது. கொஞ்சம் தலைய நிறுத்தி யோசிங்க."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. "ரெண்டு மூணு கல்யாண ஆல்பம் போட்டேன். நம்ம குழுவுல மாத்திப் பேசுனவங்க கையில எல்லாம் மாவுக்கட்டு. இது என்னங்க, புது மாடல் நகையா?"

நியாயமாகப் பேசுவோம். வாய்க்காலைப் பற்றி அவர் சொன்னது சரி. அதில் குளித்து வளர்ந்தவன் நான். மழைக்காலத்தில் அந்தப் புறம்போக்கிலிருந்து தண்ணீர் எங்கே வடியும் என்று எனக்குத் தெரியாதா? படித்த உடனேயே, அட, நாம் இதை யோசிக்கவில்லையே என்று பட்டது. ஆனால் குழு முழுவதையும் அவர் மாடு என்றார். சரியான கருத்தை இப்படித் தப்பான வார்த்தையில் சொல்ல விட்டால், நாளைக்குத் தப்பான கருத்துக்காரனும் அதே வார்த்தையோடு வருவான். விதி என்பது சரியாகச் சொல்கிறவனுக்கும் சேர்த்துத்தான்.

வெள்ளிக்கிழமை அவருக்குப் போன் செய்தேன். ஜேடர்பாளையம் வரைக்கும் போய், அணையிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தைச் சேர்ந்து பார்க்கலாமா என்றேன்.

"வாரேங்கண்ணா" என்றார். "கேமரா எடுத்துட்டு வரட்டுமா, கை மட்டும் போதுமா?"

இந்த மாதிரிதான் பேசுவார்.

அன்றைக்கே உச்சி வெயிலில் அணைக்கட்டுப் பக்கம் மாதையன் கடையில் வறுத்த மீன் வாங்கினோம். வின்சென்ட் ஒரு மீன் துண்டைத் தூக்கிப் பிடித்து, "ஏங்க, இது மீனா, மீனோட நெழலா?" என்று கேட்டார். மாதையனுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "வேணும்னாத் தின்னுங்க, இல்லாட்டி ஆத்துல எறங்கிப் புடிச்சுக்குங்க. வந்துட்டாங்க நோண்டறதுக்கு" என்றார். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் நடுவில் புகுந்து சமாதானம் செய்தேன். அது எனக்குப் பழக்கம்.

பிறகு வாய்க்கால் கரையோடு தோப்புக்குள் நடந்தோம். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வின்சென்ட் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார். அவராகவே கையை நீட்டினார்.

"துண்டப் போடுங்கண்ணா. எதுக்குன்னு தெரிஞ்சுதான் வந்தேன்."

போட்டேன்.

"நானும் ஒரு பேரம் சொல்றேன்" என்றார். "மனுவுல இருந்து வாய்க்காலை எடுத்துருங்க. எந்த வெரலு வேணுமோ எடுத்துக்குங்க. ரெண்டாக்கூட எடுத்துக்குங்க. காலையில நானே பூப்படம் போட்டு மன்னிப்பும் கேட்டுடறேன். எல்லாரும் மாடு இல்ல, மகாராஜான்னு எழுதறேன். போதுமா?"

பார்த்தால் நல்ல பேரம்தான். அப்பா இருந்திருந்தால் அப்போதே துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டிருப்பார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒன்றைக் கொடு, மன்னிப்புத் தருகிறேன் என்பது மன்னிப்பா? மரியாதையை விலைக்கு விற்கிற பழக்கம் குழுவுக்குள் வந்துவிட்டால் அப்புறம் அதை எப்படி வெளியே அனுப்புவது? "முதல்ல மன்னிப்புக் கேளுங்க. வாய்க்காலைப் பத்தி அப்புறம் கண்ணியமாப் பேசுவோம்" என்றேன்.

"மொதல்ல தண்ணி" என்றார்.

முதல் விரலுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டார். இரண்டாவதுக்கு மாதாவைக் கூப்பிட்டார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நான் நிறுத்தினேன்; யோசிக்க நேரம் கொடுத்தேன். அவசரப்படுத்தினேன் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் முகமெல்லாம் வேர்த்து, கண் சிவந்து, கரை மண்ணில் காலால் உழுதுகொண்டிருந்தார். வலது கை முடிந்து இடது கைக்குப் போனேன். கட்டை விரல் போனபோது வாந்தி எடுத்தார். என் தண்ணீர் பாட்டிலை எடுத்து வாயைக் கழுவிவிட்டேன்.

"இனிமே டைப் பண்ண முடியாதுங்க. இத்தோட விட்டுடலாம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவர் சிரித்தார் ஐயா. உதடெல்லாம் ரத்தம், அவரே கடித்துக்கொண்டது. "டைப்பு எதுக்குங்கண்ணா" என்றார். "அக்சிலியாகிட்டப் போனைப் புடிக்கச் சொல்லி வாய்ஸ் மெசேஜ் போடறேன். எல்லாத்தையும் சொல்றேன். பூம்பூம் மாட்டுக்காரரே, உங்க உருமி கிழிஞ்சுதுன்னு வெச்சுக்குங்க."

எனக்கு அதுவரைக்கும் இது தோன்றவே இல்லை. இத்தனை மாதம் விரல்களோடு போராடிக்கொண்டிருந்தேனே, விஷயம் விரலில் இல்லையே என்று என் மேலேயே வருத்தமாக இருந்தது. கையிலிருந்து துண்டை எடுத்து அவர் கழுத்தில் சுற்றி, முதுகில் முட்டியை வைத்து இழுத்தேன். அவர் கைகள் என் கையைப் பிடிக்க வந்தன. பிடிக்க விரல் வேண்டுமே. வெறுமனே தட்டின, கன்றுக்குட்டி முட்டுகிற மாதிரி. ஆகிற வரைக்கும் இழுத்தேன். அது நினைத்ததைவிட நேரம் பிடிக்கிற வேலை. பிறகு வாய்க்காலில் இறக்கிவிட்டேன். அவரைக் கொன்றது நான்தான், வேறு யாருமில்லை. இதை இரண்டு தடவை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

வாய்க்கால் அவரை வேலூருக்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

நான் இங்கே வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மனசாட்சி உறுத்தியது என்று எழுதிவிடாதீர்கள், அது தப்பான தகவலாகிவிடும். மீன் கடையில் நடந்த வாய்ச்சண்டையை யாரோ சொல்ல, நீங்கள் மாதையனைப் பிடித்து வைத்தீர்கள். கூட இருந்து சமாதானம் செய்தவனை யாரும் சந்தேகப்படவில்லை. உடனே குழுவில் அவர் படம் வந்தது. மேலே 'கொலைகாரன்' என்று சிவப்பு எழுத்து. போட்டவர்கள் எல்லாம் படித்தவர்கள். உறுதியாகத் தெரியாத தகவலைப் பகிரக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அந்த மனிதருக்கும் குடும்பம் இருக்கிறது, மானம் இருக்கிறது. அழித்தேன், மறுபடியும் போட்டார்கள். உண்மை என்னிடம் இருக்கும்போது பொய்யை ஓடவிட்டால் நான் என்ன அட்மின்? அவரை விட்டுவிடுங்கள். மீன் கொஞ்சம் சின்னதாகப் போடுவார், அதைத் தவிர அவர் மேல் குற்றமில்லை.

அதற்குள் அக்சிலியா குழுவில் ஒரு படம் போட்டார். வின்சென்ட் அன்றைக்கு வீட்டிலேயே விட்டுவந்திருந்த போனிலிருந்து. வின்சென்டின் இரண்டு கைகள், பிணவறை மேசை மேல். கீழே ஒரு எழுத்துக்கூட இல்லை. படம் எடுப்பவர் அல்லவா, வெளிச்சம் சரியாக விழுந்திருந்தது. விதிப்படி பார்த்தால் அதையும் அழித்திருக்க வேண்டும். ஏனோ விட்டுவிட்டேன்.

படம் வந்ததும் பிரபாகர் வெளியேறினான். அப்புறம் அங்கமுத்து. அப்புறம் ஒவ்வொருவராக, மண்டியில் ஏலம் முடிந்ததும் கலைகிற மாதிரி. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, திட்டவில்லை. அவ்வளவு பண்பாடு வந்துவிட்டது அவர்களுக்கு. கடைசியாகப் போனவர் கமலவேணி. போவதற்கு முன் எனக்குத் தனியாக எழுதினார். "அண்ணா, பிரபாகர் அந்த வார்த்தை போட்டப்ப ரெண்டு நாள் சோறு எறங்கலீங்க. இன்னைக்கு, அந்த வார்த்தையே இருந்துட்டுப் போயிருக்கலாம்னு தோணுதுங்க." அந்த நேரத்திலும் 'ங்க' விடவில்லை பாருங்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்று திங்கட்கிழமை. இங்கே புறப்படுவதற்கு முன் மனுவை நானே உட்கார்ந்து திருத்தி எழுதினேன். குப்பைக் கிடங்கு வாய்க்கால் ஓரம் வேண்டாம், தண்ணீர் கெடும், மேட்டுப் பக்கம் வேறு இடம் பார்க்கவும் என்று எழுதினேன். வின்சென்ட் சொன்னதுதான், மாடு கீடு என்று இல்லாமல், படிக்கிறவருக்குக் கூச்சமில்லாத வார்த்தையில். அதைக் குழுவில் போட்டு வாக்கெடுப்புக்கு விட்டேன். போன் உங்கள் மேசையில்தான் இருக்கிறது, நீங்களே பார்க்கலாம். குழுவில் இப்போது நான் ஒருவன்தான். ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்று எழுதிவிட்டு முறைப்படி ஒரு மணி நேரம் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மன்றம் ஆரம்பித்த நாளிலிருந்து இவ்வளவு கண்ணியமாக ஒரு விவாதம் நடந்து நான் பார்த்ததில்லை.